இஸ்திரி வண்டி யார் பேரில் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்காத பெங்களூர்த் தமிழர் யாராவது இருக்கிறீர்களா? தீபாவளி, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம், பாதித் தமிழ்நாடு அங்கேதான் நிற்கும். வாரா வாரம் சொல்கிற அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கன்னடத்தில் மடிவாளர் என்றால் துணி வெளுப்பவர். ‘மடி’ என்பது வேறொன்றுமில்லை. நம்மூர்ப் பாட்டிமார் "மடியா இருக்கேன், மேல படாதே" என்பார்களே, அதே மடிதான். துவைத்து உலர்த்திய துணி மடி. அதை உண்டாக்கித் தருகிறவர் மடிவாளர். அவர் மேல் பட்டால் தீட்டு என்று ஒதுங்கியதும் அதே மடிக்காரர்கள்தான். 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்துச் சரணர்களில் மடிவாள மாச்சிதேவர் என்று ஒருவர் இருந்தார். வசனங்கள் எழுதியவர். கர்நாடகத்தில் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

மடிவாளர், தோபி, வண்ணான், ஏகாலி. ஊருக்கும் பேட்டைக்கும் பேராக நின்றதெல்லாம் ஆண்கள். சென்னை வண்ணாரப்பேட்டை கூட அப்படித்தான், கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை. வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து, எண்ணி, ஊறவைத்து, கும்மி, அலசி, காயப்போட்டு, மடித்து, திருப்பிக் கொண்டு போய்க் கொடுத்ததில் பாதிக்கு மேல் பெண்கள் வேலை. பேர் மட்டும் அவர்களுக்கு இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். இதை இப்போது சொல்லக் காரணம், எங்கள் குடியிருப்புக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்லலாமா என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். (கொசுவத்தி ரொம்பச் சுத்த மாட்டேன், பயப்பட வேண்டாம்.)

1809இல் வெள்ளைக்காரர்கள் இங்கே கண்டோன்மெண்ட் போட்டார்கள். பட்டாளம் மெட்ராஸ் பட்டாளம். அதனால் பின்னாலேயே வந்த சமையல்காரர், வண்டிக்காரர், கடைக்காரர், துணி வெளுப்பவர் என்று பலரும் மெட்ராஸ் மாகாணத்துத் தமிழர்கள். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் இன்றைக்கும் தமிழ் கேட்பது சும்மா இல்லை. நமக்கு முன்னாலேயே, ஐ.டி. என்ற எழுத்தே இல்லாத காலத்தில், மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

1896இல் இந்தக் கண்டோன்மெண்டுக்கு ஒரு இளம் லெப்டினன்ட் வந்தார். வின்ஸ்டன் சர்ச்சில். மூன்று கல்யாணமாகாத அதிகாரிகள் சேர்ந்து ஒரு பங்களா எடுத்தார்கள். நம்ம பேச்சலர் ரூம் மாதிரி என்று வையுங்களேன், என்ன, ஓனர் தொல்லை கிடையாது :-) அந்த வீட்டு வேலையாட்களை 1930இல் வந்த தன் வரலாற்றுப் புத்தகத்தில் கணக்காக எழுதுகிறார். அதில் தோபிகள் மட்டும் நான்கு பேர். மூன்று ஆளுக்கு நான்கு தோபி! அந்த நான்கு பேர் வீட்டிலும் பெண்கள் இருந்திருப்பார்கள், கஞ்சி காய்ச்சியிருப்பார்கள், வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டிருப்பார்கள். புத்தகத்தில் எண்ணிக்கையாகக் கூட அவர்கள் வரவில்லை. சர்ச்சில் பெங்களூர் கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்த கணக்குப் புத்தகத்தை மட்டும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இதே கதை அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தங்கம் என்று ஓடினார்களே, அங்கே பத்தில் ஒருவர் கூடப் பெண் இல்லை. தங்கம் தோண்டத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் சட்டையைத் துவைக்கத் தெரியவில்லை, அல்லது துவைக்க மனமில்லை. அழுக்குத் துணியைக் கப்பலில் ஹொனலுலுவுக்கு அனுப்பி வாங்கியவர்கள் உண்டு. அந்த மாதிரி ஊரில் ஒரு தொட்டியும் சோப்பும் இருந்தால் ஒரு பெண் யாரையும் அண்டாமல் பிழைக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்காரிகள் குளம் என்றே ஒரு குளம் இருந்தது. இப்போது தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள் (எந்த ஊர் போங்கள், குளத்துக்கு இதுதான் கதி). அமெரிக்க ராணுவமோ 1802லேயே ஒரு கம்பெனிக்கு நான்கு சலவைக்காரிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, அவர்களுக்கு ராணுவ ரேஷனும் கொடுத்தது. 1878 வரை எல்லைக் கோட்டைகளில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். சொகுசான வாழ்க்கை இல்லைதான். ஆனாலும் ரேஷன் கணக்கில் ‘இன்னாரின் மனைவி’ என்று இல்லாமல் ‘சலவைக்காரி’ என்று இருந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அட்லாண்டா கதை. 1881 ஜூலையில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுப் பதினாறு வருஷம் கூட முழுசாக ஆகாத கறுப்பினப் பெண்கள் இருபது பேர் கூடிச் சங்கம் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் வேண்டும் என்பது கோரிக்கை. மூன்று வாரத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நகரசபை மிரட்டியது: சங்கத்தில் இருந்தால் வருஷத்துக்கு 25 டாலர் லைசென்ஸ் கட்டணம். அந்தப் பெண்கள் மேயருக்குப் பதில் எழுதினார்கள். 25 என்ன, 50 கூடக் கட்டுகிறோம், லைசென்ஸ் எங்கள் கையில் இருந்தால் எங்களுக்கு அதுவே பாதுகாப்பு, இந்த ஊர்ச் சலவையை நாங்களே நடத்திக்கொள்வோம் என்றார்கள். அபராதமாக வந்ததை உரிமையாகத் திருப்பிக் கேட்ட சாமர்த்தியத்தைப் பாருங்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் என்ன நடந்தது? நான் நெல்லைப் பக்கம். தாமிரபரணிக் கரையில் கல் போட்டுத் துவைப்பார்கள். அழுக்குத் துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. எந்த வீட்டுத் துணி என்று தெரிய சேங்கொட்டைச் சாறில் குறி. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நூறு வீட்டுத் துணி மாறாது. இவ்வளவு வேலைக்கும் கூலி என்று கையில் காசு கிடையாது. அறுப்பில் களத்து நெல், சாயங்காலம் வீடு வீடாக வாங்குகிற சோறு. சட்டி எடுத்துக்கொண்டு சோற்றுக்குப் போவது பெண்கள் வேலை. பிள்ளைப்பேறு, பெண் சமைவது, சாவு, எல்லாத் தீட்டுத் துணியும் அவர்கள் தலையில்தான். அதைவிடக் கீழே தள்ளப்பட்டவர்கள் தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார்கள். இமையம் 1994இல் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் வரும் ஆரோக்கியத்தைப் படித்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்ததே 2009இல்தான்.

அந்த ஏற்பாட்டிலிருந்து பார்த்தால் பெங்களூரின் அருமை புரியும். இங்கே வந்ததும் சோறு காசாக மாறியது. ஒரு துணிக்கு இவ்வளவு, எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு. ‘நம்ம ஊர் வண்ணாத்தி’ என்று யாரும் அதட்டிக் கூப்பிட முடியாது. வீட்டுக்கு வீடு குழாயும் வாஷிங் மெஷினும் வந்தபின் துவைப்பது வீட்டுக்குள் போய்விட்டது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகவும் ஆன ஊரில் துவைகல் போட இடமும் ஏது? மல்லேஸ்வரம் மாதிரி ஒரு சில இடங்களில் தோபி காட் இருக்கிறது. மற்றபடி தெருவுக்கு மிஞ்சியது இஸ்திரி. நாலு சக்கரம், மேலே பலகை, பழைய போர்வை, கரிப்பெட்டி. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ இந்த வண்டியை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டன. இதில் பலர் அந்தச் சாதியே இல்லை. வேலை கிடைத்தது, கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் புங்கமரத்தடி அக்காவும் திருவண்ணாமலைப் பக்கம்தான். அவர் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குக் கரி மூட்டி விசிறுவது அவர். மாடி மாடியாக ஏறித் துணி வாங்குவது அவர் (பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் அவர் என்றால்தான் கதவு திறக்கும்). எந்தச் சட்டை எந்த வீடு என்பதற்கு சேங்கொட்டையும் இல்லை, சீட்டும் இல்லை, எல்லாம் தலைக்குள். பட்டுப் புடவையும் கஞ்சி போட்ட காட்டன் புடவையும் அவர் மட்டும்தான் தொடுவார். கரிப்பெட்டி ஆறு கிலோவுக்குக் குறையாது. ஒரு முழுக்கைச் சட்டைக்கு எத்தனை தடவை பெட்டி போய் வருகிறது என்று ஒரு நாள் நின்று எண்ணிப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டியது. ஒரு நாளைக்கு நூறு துணி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நாம் பொட்டி தட்டுகிறோம், அவர் பொட்டி தேய்க்கிறார். முதுகுவலி என்று லீவு போடுவது மட்டும் நாம் :-( கணவர் பத்து மணிக்கு மேல் வந்து மதியம் வரை தேய்ப்பார், நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க மரத்தடியில் நிற்கும் அக்காவுக்குப் பாத்ரூம் போக இடம் கிடையாது. அதனால் தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கிறார். தங்கமணி கேட்டு வந்து சொன்ன விஷயம் இது. என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் தங்கமணிதான் கவனித்தார். முன்பெல்லாம் சில்லறை அக்கா கைக்கு வரும், முந்தானையில் முடிந்துகொள்வார், அதில் மகள் ஃபீஸ் கொஞ்சம், சீட்டுப் பணம் கொஞ்சம் என்று அவரே பிரிப்பார். இப்போது வண்டியில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்தால் கணவர் பேர் வருகிறது. மாடி ஏறி இறங்குவது அக்கா, டிங் என்று மெசேஜ் போவது அவர் போனுக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வசதி என்று வந்தது, வரும்போது அக்கா கையிலிருந்த காசைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொருள் விற்பவர் மட்டுமல்ல, தெருவில் சேவை தருபவரும் அதில் அடக்கம். ஆக இஸ்திரி வண்டிக்கும் உரிமை உண்டு. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம். ஆனால் விற்பனைச் சான்றிதழ் ஒருவர் பேரில். அவரோ, அவர் குடும்பத்தில் ஒருவரோ வேலை செய்யலாம். அவர் இறந்துவிட்டால், அல்லது நோயில் படுத்துவிட்டால், சான்றிதழ் காலாவதியாகும் வரை அவர் இடத்தில் முதலில் மனைவி நிற்கலாம். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. சான்றிதழைக் கணவர் பேரில் வாங்கினால், இருபது வருஷமாக நிற்கிற இடத்தில் அக்கா சொந்த உரிமையோடு நிற்க அவருக்கு ஏதாவது ஆக வேண்டும். முதலிலேயே அக்கா பேரில் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. சட்டம் அதைத் தடுக்கவும் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

பேரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு 2020 ஞாபகம் இருக்கும். மார்ச்சில் ஊரடங்கு. நாமெல்லாம் மேலே சட்டை, கீழே அரைக்கால் டிரவுசர் என்று மீட்டிங்கில் உட்கார்ந்தோம். பிறகு சட்டையும் போய் டீ-ஷர்ட் ஆனது. நமக்கு அது ஜோக், இஸ்திரி வண்டிக்குப் பட்டினி. மே மாதம் கர்நாடக அரசு சலவைத் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேருக்குத் தலா 5,000 ரூபாய் அறிவித்தது. ஜூனில் மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் தொடங்கியது. சலவைச் சேவையும் அதில் உண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அக்கா இரண்டுக்கும் விண்ணப்பிக்கவே இல்லை. இந்த வேலையைச் செய்கிறவர் என்று அவர் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை, ரேஷன் கார்டு ஊரில். பிறகு நான் கேட்டதற்கு, "பேரு இன்னாத்துக்கு சார்? வேல நடக்குதில்ல, அது போதும்" என்றார். வேலை நின்றுபோன மாதங்களைப் பற்றித்தானே அக்கா நான் கேட்டேன்? ஆனால் அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இனி சங்கத்தில் சொன்ன காரணங்கள். ஒன்று, வண்டி இருந்தால் வாசல் அழகாக இல்லையாம். வாசலில் இரண்டு வரிசைக்கு நிற்கிற கார்கள் அழகா என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு, கரிப்புகை. இது நியாயமான குறை. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் அக்காதான். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. கேஸில் ஓடும் இஸ்திரிப் பெட்டி வந்து வருஷங்கள் ஆகின்றன. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுபவர் கரியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு சூரியசக்தி இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2021இல் எர்த்ஷாட் பரிசுக்கு இறுதிச் சுற்று வரை போய், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். பள்ளிப் பிள்ளைக்குத் தோன்றிய யோசனை, இத்தனை இன்ஜினியர்கள் குடியிருக்கும் இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எடுத்துவிடு என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாவது காரணம் ஆப். துணியை வந்து வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ வைத்துத் தேய்த்துக் கொண்டு வருவார்கள். அங்கேயும் தேய்ப்பது ஒரு மனிதர்தான், நம் கண்ணில் படாத இடத்தில். விலையை அவர் சொல்ல முடியாது, நமக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. ஊரில் களத்து நெல்லுக்கு நின்ற நிலைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நான்காவது ஒரு முற்போக்கு நண்பர் சொன்னது, இதுதான் கனமான கேள்வி. "இது சாதித் தொழில், அழிய வேண்டியது. ஏன் முட்டுக் கொடுக்கிறீர்கள்?" அழியட்டும், சந்தோஷம். அக்காவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். மகள் பி.காம். முடிக்கப் போகிறாள், ஒரு நாள் கூடப் பெட்டியைத் தொட விட்டதில்லை. ஆனால் அந்தப் படிப்புக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இந்த வண்டியிலிருந்துதான். கூலியும் மரியாதையும் கிடைத்தால் அடுத்த தலைமுறை தானாக வெளியே போகும். வண்டியைப் பிடுங்கினால் தொழில் அழியாது, மகள் படிப்புதான் நிற்கும். சாதியை ஒழிக்கிறேன் என்று ஏணியை உருவிவிடக் கூடாது.

ஆகவே, இதைப் படிக்கிற பெங்களூர் மக்களிடமும் வேறு ஊர்களில் இருக்கும் நம் குடும்பங்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்:

1. உங்கள் தெரு வண்டிக்கு விற்பனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள், பெண் பேரில். நாள் பூராவும் ஃபாரம் நிரப்புகிற நமக்கு அரை மணி நேர வேலை.

2. க்யூஆர் அட்டை அவர் கணக்குக்கும் ஒன்று இருக்கட்டும். வங்கிக் கணக்கு இல்லையென்றால் தொடங்க உதவுங்கள். குடும்பத்தில் சண்டை மூட்டச் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

3. காவலாளி பாத்ரூமைப் பூட்டி வைக்காமல் அவருக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீர், முடிந்தால் ஒரு பிளக் பாயிண்ட், மீட்டர் வைத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம்.

4. விலையை அவர் சொல்லட்டும். மால் பார்க்கிங்கில் வாயைத் திறக்காமல் கொடுக்கிற நாம், ஒரு சட்டைக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் பத்து நிமிஷம் பொருளாதாரம் பேசுகிறோம்.

அட்லாண்டா பெண்கள் லைசென்ஸைத் தண்டனையாகப் பார்க்கவில்லை, அரணாகப் பார்த்தார்கள் என்று சொன்னேனே, அதற்குத்தான் இவ்வளவும். ஊரில் சோற்றுக்கு நின்றவர்களுக்குப் பெங்களூர் கூலி கொடுத்தது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. கூலிக்கு அடுத்தபடி பேர். எங்கள் சங்கத்துப் பொதுக்குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வண்டி இருக்க வேண்டும் என்று இதுவரை பதினோரு வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன, அதில் ஏழு கன்னட வீடுகள். தமிழ் வீடுகள் பத்தொன்பது இருக்கின்றன, அதில் நான்குதான் கையெழுத்து. மீதி பதினைந்து வீட்டுக்காரர்களும் அக்காவிடம் தமிழில் பேசித்தான் துணி கொடுக்கிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் நானும் தங்கமணியும் தாளோடு வருகிறோம். காபி எல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போதும்.